நமது பியர் சுவைப்பு வட்டம், கொலோன்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். வராத பதினான்கு பேருக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வட்ஸ்அப்பில் போகும். நீலக் கோடு இரண்டும் விழும், பதில் வராது. அது பழகிவிட்டது.

நம் வட்டத்தின் யாப்பின்படி (விதிமுறைப்படி) வருடத்துக்குப் பத்து ஒன்றுகூடல். நடந்தவை எட்டு. பெப்ரவரியில் கார்னிவல், ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. யூனில் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டம் நம் ஊரிலேயே நடந்தது. அன்று மண்டபத்துக்கு வந்தவர்கள் நானும் தலைவரும். தலைவரும் இடைவேளைக்குள் போய்விட்டார்.

தை மாதம் பொங்கலோடு நம் ஊர் வெளிர் பியரான கொல்ஷ் குடித்தோம். மார்ச்சில் பெர்லினர் வைஸ என்ற புளிப்புக் கோதுமைப் பியர், சிவப்புப் பாணி விட்டும் விடாமலும். யூலையில் கிறில், அதற்கு மட்டும் 31 பேர், குடும்பங்களோடு. அங்கத்துவப் பட்டியலில் 23 பேர்தான் இருக்கிறார்கள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். அன்றைக்கு வாங்கிய பெட்டிகளில் மூன்று இன்னும் திரும்பவில்லை. திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புக் காசு ஒரு பெட்டிக்கு 1.50, உள்ளே இருபது போத்தலுக்கும் எட்டெட்டு சதம், ஆகமொத்தம் 3.10 யூரோ. மூன்றுக்கும் 9.30. சின்னக் காசுதான். பெட்டி யார் வீட்டு பல்கனியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் ஒன்றுகூடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1516 ஏப்ரல் 23 அன்று பவேரியாவில் போட்ட தூய்மைச் சட்டத்தை ஒட்டி வைத்த நிகழ்ச்சி அது. வாற்கோதுமை, ஹொப்ஸ் (கைப்புக்கும் மணத்துக்கும் போடும் பூ), தண்ணீர், இந்த மூன்றும்தான் பியரில் சேரலாம் என்றது சட்டம். ஈஸ்ட் என்ற சொல்லே அதில் இல்லை. இந்த நாளில் இதற்கு நேர் எதிரான ஒரு பியரை வைக்க வேண்டும் என்பது என் யோசனை. அதனால் லைப்சிக் நகரத்துக் கோஸ வாங்கினேன். அதில் உப்பு உண்டு, மல்லி உண்டு, புளிப்பு உண்டு. பிராந்தியச் சிறப்பு என்பதால் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1966 இல் லைப்சிக்கில் கடைசியாகக் காய்ச்சிய இடமும் மூடி, கோஸ என்ற பியரே இல்லாமல் போய், இருபது வருடம் கழித்து ஒருவர் பிடிவாதமாகத் திரும்பக் கொண்டுவந்தார். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் தேசிக்காய் பிழிந்துவிட்டார். "நீர்மோர் மாதிரி இருக்கு, தேசிக்காய் விட்டால் எடுப்பா இருக்கும்" என்றார். நீர்மோர் என்றது மிகச் சரியான கணிப்பு. தேசிக்காய்தான் தேவையில்லாதது.

செப்டெம்பரில் பம்பெர்க் நகரத்து புகைப் பியர், ஷ்லெங்கெர்லா மெர்சன். முன்னொரு காலம் முளைகட்டிய தானியத்தைப் பெரும்பாலும் நெருப்பில்தான் காயவைத்தார்கள், பல பியர்களிலும் புகை இருந்தது. புகை படாமல் காயவைக்கும் சூளை வந்ததும் உலகம் அதை விட்டுவிட்டது. பம்பெர்க்கில் இரண்டு வடிசாலைகள் மட்டும் விடவில்லை, இன்றும் பீச் மர விறகில் தாங்களே மோல்ட் என்ற அந்த முளைத்தானியத்தைக் காயவைக்கிறார்கள். ஜேர்மன்காரர் இதைப் பன்றி வாட்டின மணம் என்பார்கள். நம் அன்ரி கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், ஒரு மிடறும் குடிக்காமல், "மாசி" என்றார். மாசிக் கருவாடு! மாசிச் சம்பலுக்கு இடிக்கும்போது உரலில் இருந்து எழும்பும் அதே மணம். எல்லோரும் திரும்ப மணந்தார்கள். அதன் பிறகு யாருக்கும் வேறு எதுவும் மணக்கவில்லை. இந்த வட்டத்தில் உண்மையான மூக்கு அன்ரியுடையது. அவர் சந்தாவும் ஜனவரியிலேயே கட்டிவிட்டார்.

ஒக்டோபரில் கண்ணைக் கட்டாமல், போத்தலை மட்டும் துணியால் சுற்றி, கறுப்புப் பியர் நாலு. தமிழ்க்கடையில் வாங்கிய இலங்கை லயன் ஸ்டவுட்டும் அதில் ஒன்று, 8.8 வீதம் அல்ககோல். பதினொரு பேரில் ஏழு பேர் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள், துணியை எடுத்ததும் இரண்டு பேர் புள்ளியைக் குறைக்கப் பார்த்தார்கள். ஊர்ச் சாமான் என்றால் நம்பிக்கை இல்லை. மைக்கல் ஜாக்சன் (பாடினவர் அல்ல, பியரைப் பற்றி எழுதின ஆங்கிலேயர்) இலங்கைக்குப் போய் அதைத் தேடிக் குடித்துவிட்டு வந்து உலகத்துக்குச் சொன்னார். நமக்கு இன்னும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மே மாதப் பயணம். இதைப் பற்றிப் பலவிதமான கதைகள் உலாவுவதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஈஸ்ட் போடாமல் தானாகப் புளிக்கவிடும் லாம்பிக் பியர் பார்க்க புருசெல்ஸுக்குப் போவது என்பது மூன்று வருடமாக நான் சொல்லிவருவது. மார்ச் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னேன். பதினான்கு கைகள். ஆள் ஒன்றுக்கு 39 யூரோவுக்கு, திருப்பிக் கொடுக்க முடியாத மலிவு ரயில் சீட்டு பதினான்கு எடுத்தேன். காலையில் ஸ்டேசனின் தேவாலயப் பக்க வாசலில் நின்றவர்கள் ஆறு பேர். ஒருவருக்கு மாமியார் சுகமில்லை, ஒருவருக்கு நித்திரை, ஒருவருக்கு "நான் சும்மாதான் கை தூக்கினேன்". வராத எட்டுப் பேருக்கு 312 யூரோ. மூன்று பேர் திருப்பித் தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. மிச்சம் 195 யூரோ நிற்கிறது. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம்கூட இல்லாத பயணம். தெற்கு ஸ்டேசனில் இருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சாதாரணத் தெருவில், வெளியே பார்த்தால் கராஜ் மாதிரி இருக்கிறது கான்டியோன். 1900 இல் தொடங்கிய குடும்ப வடிசாலை. வாற்கோதுமையோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்து, மணம் போன பழைய ஹொப்ஸ் போட்டுக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு மேல்மாடியில் உள்ள ஆழமில்லாத பெரிய செப்புத் தட்டில் ஊற்றி, கூரைக்குக் கீழே ஒரு இரவு திறந்து விடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றில் என்ன இருக்கிறதோ அது விழும். குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் கெட்ட கிருமி முந்திவிடும். நாங்கள் போனபோது காய்ச்சும் காலம் முடிந்திருந்தது, தட்டு வெறுமையாக, ஓரங்களில் பச்சை படிந்து கிடந்தது. விடிய மரப்பீப்பாய்க்குள் போகும் அந்த நீர், அங்கே ஒன்று, இரண்டு, மூன்று வருடம் இருக்கும். பிறகு இளசையும் முற்றினதையும் கலந்து போத்தலில் அடைத்தால் அதற்குப் பெயர் கூஸ். (ஏப்ரலில் குடித்தது கோஸ, இது கூஸ். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் வரவில்லை என்று ஒருவர் காரணம் சொன்னார்.)

பீப்பாய்களுக்கு இடையில் சிலந்திவலை. தட்டக் கூடாதாம். பழ ஈக்களைப் பிடிக்க அவை வேண்டும். அன்ரி அதைப் பார்த்துவிட்டு, "என்ர வீட்டில இருந்தா ஊத்தை, இங்க இருந்தா தொழில்நுட்பம்" என்றார்.

வடமராட்சியில் இருந்து வந்த நம் மூத்த அங்கத்தவருக்கு எழுபத்துநாலு வயது. பயணம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. முடிவில் கொடுத்த கிளாஸை ஒரு கையால் வாங்கியவர், மற்றக் கையையும் கீழே கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடிக்கிற மாதிரி. ஒரு மிடறு. கண்ணை மூடினார். "தம்பி, இது மூண்டாம் நாள் பனங்கள்ளு. முட்டி கழுவாத கள்ளு."

நான் மூன்று வருடமாகச் சொல்ல முயன்றது இதுதான். பாளை சீவிக் கட்டுகிற மண் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. கள்ளுக்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. நேற்றைய முட்டியில் ஒட்டியிருப்பதும் காற்றில் வருவதும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். முட்டி செய்கிற வேலையை அங்கே பீப்பாய்ப் பலகை செய்கிறது. நாங்கள் ஒரு நாளில் குடித்து முடிப்பதை அவர்கள் மூன்று வருடம் வைத்துப் பார்க்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். தவறணைக்கு (கள்ளுக்கடைக்கு) போனதை வீட்டில் மறைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த நேரத்தில்தான் பன்னிரண்டு போத்தல் கூஸ் வாங்க முடிவெடுத்தேன். நிர்வாகசபை அனுமதி இல்லாமல் செயலாளர் 50 யூரோ வரைதான் செலவழிக்கலாம் என்று யாப்பில் இருப்பது எனக்குத் தெரியும். அதை எழுதினதே நான். கடை மூடும் நேரம். பொருளாளர் அண்ணைக்குப் போன் அடித்தேன்: 15:42, 15:44, 15:51. எடுக்கவில்லை. பதிவு என் கைபேசியில் இருக்கிறது, பார்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். அந்த ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு போத்தலாகச் சுமந்து வந்தார்கள். "செயலாளர் தன் கெல்லரை (நிலவறையை) வட்டத்தின் காசில் நிரப்புகிறார்" என்று ஒருவர் சொன்னதாக அறிந்தேன். நவம்பரில் எல்லோர் முன்னாலும் ஒன்றைத் திறந்தேன். மேல் தகர மூடியைக் கழற்றினால் கீழே தக்கை, அதற்கு வேறு திருகி வேண்டும் என்பதே பலருக்குப் புதினம். நுரை அடங்கியதும் பச்சை அப்பிள், தோடம்பழத் தோல், அடியில் ஆட்டுக்கொட்டில். அந்தக் கொட்டில் மணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை, பழுது அல்ல. "செயலாளர் தன் கெல்லரை" என்று சொன்னவர் மூன்று தரம் கிளாஸை நீட்டினார்.

சுவைக் குறிப்பு அட்டை பற்றி. நிறம், நுரை, மணம், நாக்கு, தொண்டை என்று ஐந்து கட்டம் போட்டு என் செலவில் அச்சடித்தேன். வருட முடிவில் சேர்ந்த 61 அட்டைகளில் 40 இல் "நல்லம்" என்று மட்டும் இருக்கிறது. ஒன்றில் தொலைபேசி இலக்கம். தமிழில் சொல் இல்லை என்பது சாட்டு. கைப்பு இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, தொண்டையைப் பிடிப்பதற்குக் காறல், மூக்கில் ஏறுவதற்குக் கமறல், அடிப்பிடித்த வாசத்துக்கு ஒரு சொல், பழுதாகத் தொடங்கியதற்கு ஊசல். எங்கள் அம்மாமார் கறிச்சட்டியைத் திறந்து சொன்ன சொற்கள்தான். ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன், அறுபது சொல் வந்திருக்கிறது, பாதி அன்ரி சொன்னது.

கணக்கு. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வருடச் சந்தா 60 யூரோ. பதினொரு பேர் முழுதும், நாலு பேர் பாதியும் கட்டினார்கள். எட்டுப் பேர் ஒன்றும் கட்டவில்லை. வர வேண்டிய 1,380 இல் வந்தது 780. செலவு அதற்கு ஏறக்குறையச் சமம், கொஞ்சம் கூட. அந்தக் "கொஞ்சம்" யாருடைய பையில் இருந்து போனது என்று நான் சொல்லப்போவதில்லை. வெறும் பெல்ஜியப் போத்தலை இங்கத்தைய போத்தல் திருப்பும் இயந்திரம் வாங்காமல் வெளியே தள்ளிவிடும் என்பதையும் நவம்பரில் அறிந்துகொண்டோம். மாதம் 5 யூரோ என்பது கொல்ஷ் கிளாஸ் இரண்டின் காசு, அதுவும் 0.2 லீற்றர் கிளாஸ்.

நன்றி: தலைவருக்கு, பொருளாளர் அண்ணைக்கு, மண்டபக்காரருக்கு, பஜ்ஜி கொண்டுவந்த இரு குடும்பங்களுக்கு, குடிக்காமல் இருந்து எல்லோரையும் காரில் இறக்கிவிட்ட தம்பிக்கு. சுகர், பிரஷர் உள்ளவர்களுக்காக வைத்த துப்பும் வாளி எட்டுக் கூட்டத்திலும் காய்ந்தபடியே இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரும் வருடம் பற்றி. பதிவு செய்த சங்கம் ஆவோம் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி பதிவதற்கு ஏழு பேர் வேண்டும், மூன்றுக்குக் கீழே போனால் பதிவு போய்விடும். கையெழுத்துக்கு ஏழு பேர் வருவார்கள், சந்தேகமில்லை. யூன் மாதத்து மண்டபத்தை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது.

செயலாளர் பதவியில் இது எனக்கு ஐந்தாவது வருடம். இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு விலகத் தயார், இதைப் போன வருடமும் சொன்னேன். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மிச்சம் பதினொரு போத்தல் என் கெல்லரில் படுத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒன்று திறந்தால் 2035 வரை வரும். வெளிச்சம் படக் கூடாது, சூட்டுக் குழாய் பக்கத்தில் போகக் கூடாது, 12 பாகைக்குக் கிட்ட நிற்க வேண்டும், அடிக்கடி இடம் மாற்றினால் மண்டி கலங்கும். ஆகவே அடுத்த செயலாளராக வர விரும்புபவர்கள் தங்கள் கெல்லரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் ஒரு கிழமை அளந்து, நிலுவைச் சந்தாவோடு சேர்த்து எனக்கு அனுப்பவும்.

செயலாளர்