பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு நன்றி

கடந்த செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு நகரில், மிருக வைத்தியரின் அறைக்கு வெளியே நாய்க்குட்டியுடன் காத்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. எங்கள் 16 வயதுப் பூனையின் சிறுநீரகங்கள் மீளமுடியாதபடி பழுதாகிவிட்டன என்றும், தோலின் கீழ் சேலைன் ஏற்றுவது சில நாட்களுக்கு ஆறுதல் தருமேயன்றி நோயை மாற்றாது என்றும் வைத்தியர் சொன்ன பிறகு, ஊசி போட்டு அதன் உயிரை வலியின்றிப் போக்குவதா என்று முடிவெடுக்க இயலாமல் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று எழுந்த என்னை நீங்கள்தான் இருத்தினீர்கள். அது விரும்பிச் செய்த விடயங்களைச் சொல்லச் சொன்னீர்கள். மீன் பொரியும் மணத்துக்கு ஓடி வருவது, உடம்பை நக்கித் துப்புரவாக்குவது, மதில் மேல் வெயில் காய்வது என்று அடுக்கிக்கொண்டு போனபோதே, அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது எனக்கே விளங்கிவிட்டது. உயிரை எடுப்பது பாவமென்று அம்மா சொன்னது மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. நீங்கள் அதை மறுத்து வாதாடவில்லை (அதற்குத் தனியாக ஒரு நன்றி). முதலில் மயக்க ஊசி, நன்றாக உறங்கிய பின்னரே மற்றைய ஊசி, உயிர் போன பின்னும் கண்கள் திறந்தேயிருக்கும் என்பவற்றை நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த அறையில் நின்றிருக்கமாட்டேன். கடைசிவரை அதன் தலை என் கையில்தான் இருந்தது. வெளியே வந்தபோது உங்களைக் காணவில்லை. கிணற்றடித் தென்னையின் அருகே ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம், விளக்கேற்றியவர் அம்மாதான்.