எல்.எஸ்.எஸ். லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி, எங்க ஊர் டீச்சருங்களுக்கு ஒரு மடல்

கேரளாவுல பாலக்காட்டு பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து தமிழ் மீடியம் ஸ்கூல் ஹெச்.எம்.களுக்கும் டீச்சருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கறவ. உங்க கிளாஸ் பிள்ளைங்கதான் எங்கிட்டயும் வர்றாங்க. நாலாவதுல எல்.எஸ்.எஸ்.ங்கற கேரளா ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு யாரைத் தயார் பண்ணலாம்னு நீங்க பேர் எழுதற சமயத்துக்கு முன்னாடி இதச் சொல்லிரணும்னு தோணுச்சு.

போன வருசம் எங்க பக்கத்துத் தோப்புல தேங்கா போட்டாங்க. எண்ணி முடிச்சப்ப 1,860 காய். நூறுக்கு அஞ்சு கழிவுன்னு பேச்சு. வியாபாரி போன எடுத்து கால்குலேட்டர தட்டிட்டு இருக்கறாரு, மரமேறியோட பையன் நாலாவது படிக்கறவன், மட்டை மேல உக்காந்துட்டு "93 போச்சுன்னா 1,767 தானுங்க"ங்கறான். எப்படிடான்னு கேட்டேன். நூறுக்கு அஞ்சுன்னா இருபதுக்கு ஒண்ணு, அதனால பாதியாக்கிட்டு ஒரு சைபர எடுத்துட்டேன்க்கான்னான். யாரும் சொல்லிக் குடுக்கல. அந்தப் பையன் பேரு அவங்க ஸ்கூல் கோச்சிங் லிஸ்ட்ல இல்ல, ஏன்னா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், வாரத்துல ரெண்டு நாள் அப்பாகூட போயிருவான், கிளாஸ்ல வாயத் தொறக்க மாட்டான். நானே அவன ஒரு வருசம் சுமாரான பையன்னுதான் நெனச்சிருந்தேன், இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல.

இது டீச்சரோட குத்தம்னு நான் சொல்ல வரலைங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ப்ரோவர்ட் கவுண்ட்டின்னு ஒரு இடம், அங்க கிஃப்டட் கிளாஸுக்கு, அதாவது கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கற தனி கிளாஸுக்கு, டீச்சரோ அப்பா அம்மாவோ சிபாரிசு பண்ணின பிள்ளைங்களுக்கு மட்டும்தான் ஐ.க்யூ. டெஸ்ட் வெப்பாங்க. 2005ல அத மாத்தி, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாத்துக்கும் மொதல்ல படத்த வெச்சு பாக்கற ஒரு சின்ன டெஸ்ட் வெச்சாங்க, அதுல படிக்கவோ எழுதவோ வேண்டியதில்ல. அவ்வளவுதான் மாத்துனாங்க. ஏழைப் பிள்ளைங்க, கறுப்பினப் பிள்ளைங்க, வீட்டுல ஸ்பானிஷ் பேசற பிள்ளைங்கன்னு அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாதவங்க நெறைய பேர் உள்ள வந்தாங்க. பின்னாடி காசு இல்லன்னு அந்த டெஸ்ட்ட குறைச்சதும் எண்ணிக்கை திரும்ப எறங்கிருச்சு. டீச்சருங்க நல்லவங்கதான், ஆனா அமைதியா இருக்கற பிள்ளையும் வேற மொழி பேசற பிள்ளையும் நல்லவங்க கண்ணுக்கும் தப்பிருதுங்க.

நம்ம ஊர்ல ஏணி எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். நாலாவதுல எல்.எஸ்.எஸ்., ஏழாவதுல அதே மாதிரி யு.எஸ்.எஸ்., அதுல மேல வந்தவங்களுக்கு கிஃப்டட் சில்ட்ரன் புரோகிராம்னு கேம்ப், கிளாஸ். எட்டாவதுல என்.எம்.எம்.எஸ்.னு சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் பரீட்சை, அதுல தேர்வானா வருசம் 12,000 ரூவா பன்னெண்டாவது வரைக்கும், வீட்டு வருமானம் மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், ஏழாவதுல 55 சதவீதமும் வேணும். நாடு முழுக்க நடந்த என்.டி.எஸ்.இ.ங்கற திறமைத் தேர்வு 2021க்கு அப்புறம் நின்னே போச்சு. பார்டர் தாண்டி கோயமுத்தூர் பக்கம் கிராமத்துப் பிள்ளைங்களுக்கு ட்ரஸ்ட்னு ஒரு ஸ்காலர்ஷிப் தேர்வு இருக்கு, அது தமிழ்நாட்டு ஸ்கூல்ல படிக்கறவங்களுக்கு, நம்ம பிள்ளைங்க எழுத முடியாது. ஆக நமக்கு இருக்கற ஏணி இது ஒண்ணுதான், இதுல மொதப் படி நீங்க எழுதற லிஸ்ட்டு. நாலாவதுல விட்டுப் போன பையன ஏழாவதுல யாரும் தேட மாட்டாங்க, அவனுக்கும் நமக்கு இதெல்லாம் இல்லன்னு ஆயிருது.

அதனால கேக்கறது இதுதாங்க. மார்க்கப் பாத்து கோச்சிங் லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு பீரியட், நாலாவது பிள்ளைங்க எல்லாத்தையும் உக்கார வெச்சு, அடுத்து என்ன படம் வரும், இதுல எது சேராது, அந்த மாதிரி ஒரு இருபது கேள்வி குடுங்க. கணக்க தமிழ்ல சத்தமாப் படிச்சுச் சொல்லுங்க, எழுத வராதவன் வாயால பதில் சொல்லட்டும். லீவு போட்டவனுக்கு இன்னொரு நாள் வைங்க, பெரும்பாலும் நாம தேடற பிள்ளை அன்னிக்கு வராத பிள்ளையாத்தான் இருக்கும். மார்க்குல வந்த பிள்ளைங்கள லிஸ்ட்ல இருந்து யாரும் நீக்கச் சொல்லல, அவங்களோட இவங்களையும் சேத்துக்கங்க.

கேள்வித்தாள் தயார் பண்ண, ஜெராக்ஸ் எடுக்க, படிச்சுக் காட்ட ஆள் பத்தாதுன்னு சொல்வீங்க, நெஜந்தான். சனிக்கிழமை முழுக்க நான் சும்மாதான் இருக்கேன். எந்த ஸ்கூல் கூப்பிட்டாலும் வர்றேனுங்க, காசு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பையன் இப்ப அஞ்சாவது, அவனுக்கு எல்.எஸ்.எஸ். போனது போனதுதான். அவன் தங்கச்சி அடுத்த வருசம் நாலாவது வர்றா.