தொப்பூர் மேட்டில் நின்ற வண்டி

பாலக்கோடு
புரட்டாசி 6

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தக்காளி இந்தத் தடவை பரவாயில்லை. கருப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா.

கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மேலத்தெருப் பையன் போன வாரம் சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் உன் பிக்கப்பைப் பார்த்தானாம். பானெட் தூக்கியிருந்ததாம், ஆவி பறந்ததாம், நீ ஓரத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்தாயாம். பஸ்ஸில் வந்ததால் இறங்க முடியவில்லை என்றான். "அண்ணன் ரொம்ப இளைச்சிட்டாரு மாமா" என்றும் சொன்னான். அதை அம்மா காதில் போடவில்லை. தருமபுரி வரை வந்தவன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போயிருக்கலாம் கண்ணு.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் பார்த்திருப்பாய். ரேடியேட்டர் மூடியைப் பார்த்தாயா? அதை யாரும் பார்ப்பதில்லை. வெறும் மூடிதானே என்று நினைப்பார்கள். அது குக்கர் வெயிட் மாதிரி வேலை செய்கிற சாமான். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ரப்பர் வாஷரை அழுத்திப் பிடித்திருக்கும். அந்த அழுத்தம் இருக்கிறவரைதான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் 118, 120 வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் தாங்காது. நீ இருக்கிற ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97-லேயே கொதித்துவிடும். லோடோடு மேடு ஏறுகிற இன்ஜினுக்கு அது எந்த மூலைக்கு?

காலையில், வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார். வாஷரை நகத்தால் அழுத்து. நகம் பதிந்து மறைந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. கல் மாதிரி இருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடு. நடுவில் காசு மாதிரி சின்னதாக ஒரு வால்வு இருக்கும். அதை மெல்ல இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப உட்கார வேண்டும். இன்ஜின் ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து சூடு தணிக்கிற கூலண்டைத் திரும்ப உள்ளே விடுவது அந்த வால்வுதான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். ஹோஸ் கெட்டுவிட்டது என்று அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

போர்த் தண்ணீர் ஊற்றாதே. நம் ஊர்ப் போர்த் தண்ணீர் பிள்ளைகள் பல்லையே கறையாக்கிவிட்டது, அதற்காகத்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு வாஷரிலும் வால்விலும் வெள்ளையாகப் படிந்தால் மூடி எப்படி மூடும்? பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

இருபத்தாறு வயதில் உன் பெயரில் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. நான் முப்பது வருஷம் அடுத்தவன் வண்டிதான் ஓட்டினேன். டீக்கடையில் யார் கேட்டாலும் என் பையன் சொந்த வண்டி வைத்திருக்கிறான் என்றுதான் சொல்கிறேன். அதைக் காப்பாற்று.

ஆடிக்குப் போன மருமகள் ஆவணி முடிந்தும் காவேரிப்பட்டணத்திலேயே இருக்கிறாளாம். அது உங்கள் இரண்டு பேர் விஷயம், நான் கேட்கப்போவதில்லை. சேலம் லோடு போகும்போதும் வரும்போதும் அந்த ஊரை ஒட்டித்தானே போகிறாய். அவ்வளவுதான் சொல்கிறேன்.

சூட்டில் மூடியைத் தொடாதே. மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்து வைத்திருக்க முடிகிறவரை காத்திரு. அரை மணியோ ஒரு மணியோ, லோடு காத்திருக்கட்டும். பிறகும் தடித்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் தடை வரைதான் திருப்ப வேண்டும். உஸ் என்ற சத்தம் முழுசாக அடங்கிய பிறகு அழுத்தித் திருப்பு. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடும். சூட்டில் மட்டும் தொடாதே சாமி.

இதை உனக்கே சொல்கிறேன் பார். உன் வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் ஊரில் நான் சொல்வது என்ன? "சின்ன வயசுக் குறும்பு, மூடியில கை வச்சிட்டான்." அது பொய். அன்றைக்கு ராயக்கோட்டை மேட்டில் 407 லாரி கொதித்து நின்றபோது, விடிவதற்குள் தக்காளி பெங்களூர் போகவேண்டுமே என்ற அவசரத்தில், கையில் துண்டைக் கொடுத்து உன்னைத் திறக்கச் சொன்னது நான்தான். உனக்கு ஒன்பது வயது. நான் பின்னால் போய்த் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டிருந்தேன். உன் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்.

அது மட்டும் இல்லை. அந்த மூடி இரண்டு மாசமாகக் கெட்டுக் கிடந்தது. புதுசு வாங்க முதலாளி காசு கொடுத்திருந்தார். அந்தக் காசு எங்கே போனது என்று உனக்குத் தெரியும். நான் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷருக்குப் பதில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். டியூபை வெட்டும்போது பிடித்துக்கொண்டவனே நீதான்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது "நான்தாம்மா திறந்தேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருஷம் திறக்கவில்லை. மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று அந்தப் பையன் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முந்தாநாள் ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். இன்றைக்கு வரை என்னோடு பேசவில்லை. உனக்கும் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

தருமபுரியில் மூடி வாங்கிவிடலாம் என்று நேற்றுக் கடை வரை போனேன். உன் வண்டிக்கு எந்த அழுத்தம் என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். அதிகம் போட்டால் ஹோஸ் போகும், குறைத்துப் போட்டால் மறுபடி கொதிக்கும். மூடியின் தலையில் எண் அடித்திருக்கும், 0.9 என்றோ 1.1 என்றோ. தேய்ந்திருந்தால் விரலால் தடவிப் பார். பார்த்து எனக்குச் சொல். எத்தனை மணியானாலும் போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.

அப்பா