ஹொக்குசாயின் அலை யார் கைவண்ணம்?

அன்புள்ள கணேசன்,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து நிம்மதி அடைந்தேன். மகள் வாங்கித் தந்த, ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பதாகவும், அதன் அசல் எங்கே இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அசல் என்று ஒன்று எங்குமே இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் அருங்காட்சியகங்களில் இருப்பவை எல்லாமே அச்சுப் பிரதிகள்தாம்.

1830களின் தொடக்கத்தில் ஹொக்குசாய் மெல்லிய தாளில் கோட்டோவியமாக வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் செரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைக் குடைந்தெடுத்தபோது, அந்தத் தாளும் சேர்ந்து அழிந்துபோனது. வண்ணங்களுக்குத் தனிப் பலகைகள் உண்டு. பலகையின் மூலையிலும் ஓரத்திலும் வெட்டிய ‘கெந்தோ’ என்னும் அடையாளங்களில் தாளைப் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்ட அழுத்தியால் அச்சிடுபவர் அதன் பின்புறத்தைத் தேய்ப்பார். இவ்வகைப் படங்களில் வானத்து நீலம் மேலே அடர்ந்து கீழே கரைவதைச் செதுக்கி வரவழைக்க முடியாது. ஈரப் பலகையில் சாயத்தைச் சிறிது சிறிதாக இளக்கிப் பரப்பும் அச்சிடுபவரின் கைப்பக்குவம் அது. இன்னொரு ஜப்பானிய ஓவியரான ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட பாலத்து மழைப் படத்தைத் தேடிப் பாருங்கள்: சற்றே மாறுபட்ட சாய்வுகளில் இரண்டு அடுக்காக இறங்கும் மயிரிழைக் கோடுகள். வான்கோ 1887இல் அதை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார்; பாலமும் ஆறும் அவருக்கு வசப்பட்டன, அந்த உளிமழை வசப்படவில்லை என்பது என் எண்ணம். அதைச் செதுக்கியவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தார் இவற்றைக் கலைச்செல்வமாகக் கருதி வாங்கவில்லை. ஏறத்தாழ ஒரு கிண்ண நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்த படங்களில் கபுகி நாடக நடிகர், சுமோ மல்லர், கணிகையர் எனத் தமக்குப் பிடித்தவர்களைத் தேடி வாங்கினார்கள். முதல் போட்ட பதிப்பாளரும் விற்கக்கூடியதையே வரையச் சொன்னார். 1842இல் அரசு நடிகர், கணிகையர் படங்களுக்குத் தடை விதித்தபோதும் ஓவியர் குனியோஷி அடங்கவில்லை. நடிகர்களின் முகங்களைப் பூனைகளுக்குப் பொருத்தினார், சுவர்க் கிறுக்கல் போலவும் வரைந்தார். வாங்கியவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியாமலா போயிருக்கும்?

பலகை செதுக்கி அச்சிடும் பட்டறைகள் டோக்கியோவில் இன்றும் இயங்குகின்றன. உங்கள் படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் பின்புறத்தைக் கவனியுங்கள். சாயம் ஊறி பாரென் தேய்த்த தடம் தெரிந்தால் அது கையால் அச்சிட்டது, வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் அடித்த ஆஃப்செட். ஆஃப்செட்டாகவே இருந்தாலும் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
சுந்தரம்