சிராக்கூசாவிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

சிராக்கூசா,
சிசிலித் தீவு, இத்தாலி,
ஜூன் 2025

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். தாங்களும் பெரியம்மாவும் அம்மாவும் அங்கே நலமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. வேலை அதிகம் என்று எழுதினால் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால், அந்தக் காரணத்தை எழுதவில்லை. மன்னிக்க வேண்டும்.

நம் சுடலைமாடன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு, விடிய விடிய மாடன் கதை பாடும் கணியான் கூத்து வேண்டாம், அந்தப் பணத்தில் இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்று இளவட்டங்கள் ஊர்க்கூட்டத்தில் பேசியதை எழுதி, "நீ இருக்கிற தேசத்தில் பழைய கூத்தை யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கிறார்கள், பெரியப்பா. ஆண்டுதோறும் மே மாதம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நாடகங்களை, கூரையில்லாத கல் அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். இந்த மாதம் ஆலையில் ஷிப்டுகளைக் குறைத்திருப்பதால் எனக்கும் ஓய்வு கிடைத்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தேன்.

என்னை அழைத்துப் போனவர் கீழ்வீட்டு ஆச்சி. பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க மொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் பூனையைக் கூட அந்த மொழியில்தான் வைவார். கத்திரிக்காயில் புளிப்பும் இனிப்பும் சேர்த்து ஒரு பதார்த்தம் செய்து வாரந்தோறும் எனக்குக் கொடுத்தனுப்புகிறார். நல்ல ருசிதான், ஆனால் அதைச் சாப்பிடும்போதெல்லாம் பெரியம்மா வைக்கும் சொதிதான் நினைவுக்கு வருகிறது. அவரே நுழைவுச்சீட்டும் எடுத்து, கல்லில் உட்கார வேண்டுமே என்று இரண்டு திண்டுகளையும் சுமந்து வந்தார்.

அரங்கம் என்றால் கட்டடம் இல்லை. தெமெனித்தே என்னும் குன்றின் பாறையையே அரைவட்டமாகக் குடைந்து படிகள் வெட்டியிருக்கிறார்கள். குறுக்களவு 138 மீட்டர். 67 வரிசைகளாக இருந்ததில் 46 எஞ்சியிருக்கின்றன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எஸ்கிலஸ் என்ற பெரும்புலவர் ஏதென்ஸிலிருந்து கடல் கடந்து வந்து தம் 'பாரசீகர்' நாடகத்தை இந்நகரத்தில் நடத்தியிருக்கிறார். இப்போது காணும் வடிவம் இரண்டாம் ஹியரோன் என்ற மன்னன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கொடுத்தது. அதன் பிறகு எத்தனையோ நூற்றாண்டுகள் அங்கே நாடகமே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கோட்டை கட்டுவதற்காக இங்கிருந்த வெட்டுக்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். (நம் ஊர்க் கல்மண்டபத்தின் தூண் யார் வீட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது என்பது தங்களுக்கே தெரியும், பெயரை எழுதவில்லை.) பின்னர் பழைய கால்வாய் ஒன்றின் தண்ணீரை இந்தக் குன்றின் உச்சிக்குக் கொண்டுவந்து, படிகளின் மேலேயே மாவு அரைக்கும் ஆலைகளை ஓட்டியிருக்கிறார்கள். ஆலைக்காரர்களின் சிறு வீடு ஒன்று இன்னும் அரங்கத்தின் தலைமாட்டில் நிற்கிறது.

விழா மறுபடி உயிர் பெற்றது 1913-இல். மாரியோ தொம்மாசோ கர்காலோ என்ற இந்நகரத்துப் பிரபு ஒரு குழுவைக் கூட்டி முயற்சியைத் தொடங்கினார். ஏத்தோரே ரோமாஞோலி என்ற அறிஞர் நாடகத்தை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தாமே இயக்கினார். துயிலியோ கம்பெல்லோத்தி மேடை அமைத்தார். 1914 ஏப்ரல் 16-ஆம் தேதி எஸ்கிலஸின் 'அகமெம்னன்' அரங்கேறியது. போரில் வென்று வீடு திரும்பும் அரசனை மனைவியே கொல்லும் கதை. அதே ஆண்டில் உலகப் போர் வந்து விழா நின்றுபோனது. அது மீண்டும் தொடங்கிய 1921-இல், அந்த அரசனின் மகன் பழி தீர்க்கும் அடுத்த பாகத்தை நடத்தினார்கள். தந்தை விழுந்ததற்கும் மகன் வந்ததற்கும் இடையில் ஊர் ஏழு ஆண்டு காத்திருந்திருக்கிறது! நம் சுடலைமாடன் கதையை மயானக் காட்சியோடு நிறுத்திவிட்டு, மீதியை ஏழு கொடை கழித்துப் பாடினால் நம்மவர்கள் பொறுப்பார்களா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

1925-இல் அந்த உள்ளூர்க் குழு தேசிய நிறுவனமானது. இரண்டாம் போரின்போது, 1939-க்குப் பிறகு 1948 வரை விழா இல்லை. 1948-இல் அந்த அரசன் குடும்பக் கதையின் மூன்று பாகங்களையும் சேர்த்தே நடத்தினார்கள். நெடுங்காலம் ஓராண்டு விட்டு ஓராண்டு நடந்தது, 2000 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2020-இல் கொரோனா தடுத்தது. மறு ஆண்டு, அந்தப் பழி தீர்க்கும் மகனின் கதையோடுதான் மீண்டும் ஆடினார்கள். நின்றுபோனதற்காக இவர்கள் யாரும் விழாவைக் கைவிடவில்லை என்பதைத்தான் ஊர்க்கூட்டத்தில் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். கணியான் வீட்டுப் பிள்ளைகள் மகுடப் பறையைத் தொடுவதில்லை என்று வருந்தியிருந்தீர்கள். இங்கேயும் அந்தக் கவலை இருந்திருக்கும் போலிருக்கிறது. மலைமேல் பலாத்சோலோ என்ற சிற்றூரில் உள்ள சின்ன கிரேக்க அரங்கத்தில் 1991 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி விழா வைத்திருக்கிறார்கள். 

நான் பார்த்தது சோபக்கிளிஸ் என்ற பழைய கிரேக்கப் புலவர் தம் முதுமையில் எழுதிய 'கொலோனஸில் எடிபஸ்'. வெயில் தாழ்ந்தபின் தொடங்கி, இருட்டில் முடிந்தது. கண்ணிழந்த கிழவர் ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்நிய ஊருக்கு வந்து, தெரியாமல் தெய்வத்தின் சோலைக்குள் உட்கார்ந்துவிடுகிறார். ஊரார் பதறிப்போய் எழுந்திருக்கச் சொல்கிறார்கள். மாடன் கோயில் எல்லைக்குள் செருப்போடு நுழைந்த வெளியூர்க்காரரை நம்மவர்கள் அதட்டுவது அப்படியே கண்முன் வந்தது. அந்த ஊரார்தான் நாடகம் முழுவதும் கூடவே நின்று பாடுகிறவர்கள். நம் அண்ணாவி ஓரடி பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறாரே, அந்த வேலையைத்தான் இங்கே ஒரு கூட்டமே செய்கிறது. அக்காலத்தில் இவர்களும் ஆண்களையே பெண் வேடத்தில் ஆடவிட்டார்களாம். வசனம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் தான் சாகப்போகும் மண் தன் சொந்த மண் இல்லை என்று தெரிந்தே அந்தக் கிழவர் நிமிர்ந்து நடந்து போனபோது, ஆச்சி தம் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். கண்ணில் தூசி என்றேன்.

திரும்பும் வழியில் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய கல் குவாரிகளைக் காட்டினார். கி.மு. 413-இல் இந்நகரத்தோடு போரிட்டுத் தோற்ற ஏதென்ஸ் வீரர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். பட்டினியிலும் வெயிலிலும் பலர் மாண்டார்கள். ஆனால் யூரிபிடிஸின் நாடகப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சிலர், அவற்றைச் சொல்லியே விடுதலை பெற்றதாகப் புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்கிறார். "உன் ஊர்ப் பாட்டு ஒன்று பாடு, பார்ப்போம்" என்று ஆச்சி கேட்டார். அந்த நடுத்தெருவில் மாடன் கைலாயத்தில் பிறக்கும் பாட்டைத் தொடங்கினேன். நான்கு அடிக்கு மேல் வரவில்லை, பெரியப்பா. சின்ன வயதில் தங்கள் மடியில் விடிய விடியக் கேட்ட பாட்டு. அறைக்கு வந்து படுத்த பின்னும் ஐந்தாம் அடியைத் தேடிக்கொண்டே கிடந்தேன், விடிந்துவிட்டது.

ஆகையால் இந்தக் கொடையில் கணியான் கூத்து இருந்தே ஆக வேண்டும். கச்சேரி வேண்டுமென்றால் மறுநாள் வைத்துக்கொள்ளட்டும். அண்ணாவி பாடுவதை முழுவதுமாகப் போனில் பதிவு செய்யும்படி மாமா மகனிடம் சொல்லுங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தது என்ற சாக்கு கூடாது. வரப்புத் தகராறில் தாங்களும் சித்தப்பாவும் இன்னும் பேசவில்லை என்று அம்மா சொன்னார்கள். கார் சாகுபடிக்கு அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் அந்தப் பேச்சு மறுபடி முற்றும். அதற்கு முன் தாங்களே அவர்கள் வீட்டு நடை ஏற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மூத்தவர் போவதில் குறைவில்லை. அம்மாவின் கண் சிகிச்சையை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால், அப்படியே செய்யுங்கள்.

கொடை வரியைப் பற்றி ஒன்று. எனக்கும் இந்த ஆண்டு முதல் தனித் தலைக்கட்டு போடுவதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு முறை அப்பா பெயரிலேயே ஒரே வரியாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு தனியாக எழுதிக்கொள்ளலாம்.

தங்கள் அன்பு மகன்