மருந்து ஆய்வு வீட்டு வாசலையும் தாண்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்கள் மருந்துகளை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதை மருத்துவர் எழுதும் சீட்டுகளை மட்டும் வைத்து முடிவுகட்டும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1993-ஆம் ஆண்டு வழிகாட்டி, குறைந்தது 20 மருத்துவ நிலையங்களில் 600 சிகிச்சைப் பதிவுகளை ஆராயச் சொல்கிறது; அது பெரும்பாலும் எழுதிக் கொடுப்பவரை அளக்குமே தவிர, வீட்டில் விழுங்குபவரை அளக்காது. நுகர்வோர் மருந்துகளைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்வதற்கான தனிக் கையேடு 2004-இல்தான் வந்தது.

“ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறீர்களா?” என்று நேரடியாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைப்பது அரிது. கடந்த இரண்டு வாரங்களில் யாருக்கு என்ன உபாதை, முதலில் என்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, இருக்கும் மருந்துகளையெல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னால்தான், பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப்போன மாத்திரை அட்டைத் துண்டும், போன காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம்வைத்த மருந்துப் புட்டியும் வெளியே வரும். அந்த இரண்டு வாரங்களுக்கும் முந்தைய காலத்தைக் கேட்டால் நினைவு பிசகும்.

மருந்துக்கடையில் வாடிக்கையாளர்போல் நடித்துத் தகவல் திரட்டுவது பலன் தரும் முறைதான். எனினும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி அதில் இறங்குவதும், கடையை அடையாளம் காட்டுவதும் என் பார்வையில் மன்னிக்கத்தக்கவை அல்ல.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும்; ஏன் நிறுத்தினார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் அறியலாம். ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர் அந்த உரையாடலுக்கும் நாள்களை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்