செயின் நழுவினால் இரண்டு கண்ணியைக் கழற்றுவது மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மின்வண்டிகளைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையில் சின்கிளேர் சி5 வண்டிக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால், மிதிக்கும்போது செயின் நழுவினால் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டு இறுக்கிப் பூட்டினால் போதும் என்று அதில் போகிறபோக்கில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை நம்பி யாரும் செயின் கட்டரைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். நாற்பது வயதான வண்டியில் அப்படிச் செய்தால் நழுவல் நிற்காது. பல்சக்கரமும் பேரிங்கும் சேர்ந்து கெடும்.

1985 ஜனவரி 10 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் சர் கிளைவ் சின்கிளேர் அறிமுகப்படுத்திய மூன்று சக்கர வண்டி அது. விலை 399 பவுன். வேல்ஸில் மெர்த்திர் டிட்வில் ஊரில், துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்துவந்த ஹூவர் ஆலையில் தயாரானது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தயாரிப்பு நின்றுபோனது. ஹூவர் ஆலை என்றதும், துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைத்தான் இதில் வைத்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. லாரியின் குளிர்விப்பு விசிறிக்காக வடிவமைத்த மோட்டாரைத் திருத்தி எடுத்தது அது. 250 வாட் திறன், 12 வோல்ட் ஈய பேட்டரி, மணிக்கு 15 மைல் வேகம். கியர் மாற்றும் வசதி கிடையாது. மேடு வந்தால் கால் கொடுக்க வேண்டும். செயினுக்கு உண்மையான சோதனை வருவது அந்த மேட்டில்தான்.

பழுது பார்க்க இறங்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சி5இல் மோட்டாரின் விசை செயின் வழியாகப் போவதில்லை. இரண்டு கட்டப் பல்லிணைப்பு மூலம் அது பின்சக்கரத்துக்குப் போகிறது. செயின் சுமப்பது கால் விசையை மட்டும். எனவே மோட்டார் கீச்சென்று சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் செயினைக் குறை சொல்வதில் பொருளில்லை. மோட்டாரில் நன்றாக ஓடுகிற வண்டி, மிதிக்கும்போது மட்டும் ‘டக் டக்’கென்று காலை முன்னே தள்ளினால்தான் இந்தக் கடிதத்தில் சொல்வது பொருந்தும். யமஹா 1993இல் கொண்டுவந்த பாஸ் மிதிவண்டியில் மோட்டார் பெடல் அச்சோடு சேர்ந்திருக்கிறது. கால் விசை, மோட்டார் விசை இரண்டையும் ஒரே செயின் இழுக்கிறது. அந்த வகையில் தேய்மானம் வேகமாக வரும். கண்டுபிடிக்கும் முறையும் சரிசெய்யும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். இரு முனைக்கும் நடுவே ஸ்பேனர் விழுந்தால் ஸ்பேனரே பழுக்கக் காயும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள். பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள்.

பிறகு ஒரு சாக்கட்டி. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), அதன் அச்சு, பெடல் பல்சக்கரம், செயினின் ஒரு கண்ணி, அந்தக் கண்ணி உட்கார்ந்திருக்கும் பின் பல், பின் அச்சு ஆகிய ஆறிலும் ஒவ்வொரு கோடு போடுங்கள். சி5இல் ஒரு பின்சக்கரத்துக்குத்தான் இயக்கம் போகிறது. அந்தச் சக்கரத்தை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெடலை மெதுவாக, ஆனால் பலமாக அழுத்த வேண்டும். எந்த இரண்டு கோடுகள் விலகுகின்றனவோ அங்கேதான் பழுது. கண்ணிக்கும் பல்லுக்கும் நடுவே விலகினால் செயின் ஏறிக் குதிக்கிறது. செயின் பல்லிலேயே இருக்க, பல்சக்கரம் மட்டும் சுற்றி அச்சு சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீலுக்குள் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தானாக ஓடவிடும் பின் பல்சக்கரம்) கொக்கிகள் பிடிக்கவில்லை. கிராங்குக்கும் அதன் அச்சுக்கும் நடுவே விலகினால், கிராங்கை அச்சில் பூட்டும் காட்டர் பின் என்ற ஆப்பு தேய்ந்திருக்கிறது. சதுர முனை அச்சு என்றால் போல்ட் தளர்ந்திருக்கிறது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் புதுச் செயின் வாங்குகிறவர்கள்தான் அதிகம். வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வகை நழுவல் உண்டு. ஒரே சீராக, இத்தனை சுற்றுக்கு ஒரு முறை என்று வரும். அப்படியானால் ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் விறைத்திருக்கிறது. செயினின் கண்ணி எண்ணிக்கையைப் பெடல் சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 180 கண்ணி, 45 பல் என்றால் பெடல் நான்கு சுற்றுச் சுற்றும்போது ஒரு குதிப்பு வரும். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இரு கையாலும் லேசாக வளைத்து நெகிழ்த்தி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செயின் ஏறிக் குதிக்கிறது என்று உறுதியானால் அளவெடுங்கள். மிதிவண்டிச் செயினில் ஒரு பின்னுக்கும் (கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணி) அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் எஃகு அளவுகோலின் சுழியத்தை வைத்து, 24ஆவது கண்ணியின் பின்னைப் பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருந்தால் தேய்மானம் அரை விழுக்காடு. செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் ஒரு விழுக்காடு. செயின் மட்டுமல்ல, பற்களும் போயிருக்கும். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோமே, தகடு ரப்பர்போல நீளுவதில்லை. பின்னும் அது உரசும் உள்வளையமும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் இம்மியளவு இடைவெளி கூடுகிறது. அத்தனை மூட்டும் சேர்ந்துதான் நீளம்.

இங்கேதான் கட்டுரையின் யோசனை சறுக்குகிறது. இரண்டு கண்ணியைக் கழற்றினால் செயினின் மொத்த நீளம் ஓர் அங்குலம் குறையும். மீதியுள்ள கண்ணிகளின் இடைவெளி அப்படியே இருக்கும். பல்சக்கரத்தின் பற்கள் 12.7 மி.மீ. கணக்கில் வெட்டப்பட்டவை. அதைவிட இடைவெளி கூடிய செயின் எல்லாப் பற்களிலும் சமமாக உட்காராது. சுமை ஒன்றிரண்டு பற்களில் குவியும். செயினின் ரோலர் (பின்னைச் சுற்றியுள்ள சிறு உருளை) பல்லின் சரிவில் ஏறி, உச்சியைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும். அந்த விழுகைதான் நமக்குக் கேட்கும் ‘டக்’.

சி5 போன்ற நீளச் செயின் வண்டியில் இன்னொரு கணக்கும் உண்டு. பெடல் முன்னே, இயங்கும் அச்சு பின்னே. அரை விழுக்காடு தேய்மானம் என்றால் மீட்டருக்கு 5 மி.மீ.; இரண்டு மீட்டர் செயினில் 1 செ.மீ. கேட்பதற்குச் சிறியது. ஆனால் மேல்பக்கம் இழுபட்டு, அந்த 1 செ.மீ. முழுவதும் ஒரு மீட்டர் நீளமுள்ள கீழ்ப்பக்கத்தில் சேர்ந்தால், நடுவில் ஏறக்குறைய 6 செ.மீ. தொங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இந்தத் தொங்கல்தான் முதலில் படுகிறது. அதனால்தான் கண்ணியைக் கழற்றத் தோன்றுகிறது. தொங்கல் நோயின் அறிகுறி. நோய் மூட்டில் இருக்கிறது.

விசையையும் எண்ணிப் பாருங்கள். சாதாரண மிதிவண்டியில் நம் எடைக்கு மேல் பெடலை அழுத்துவது கடினம். சி5இல் சாய்ந்து உட்கார்ந்து, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து உதைக்கிறோம். எடையைவிட அதிகமாகவே அழுத்த முடியும். கிராங்க் 170 மி.மீ., பெடல் சக்கரம் 44 பல் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ அழுத்தம் செயினில் சுமார் 115 கிலோ இழுவையாக மாறுகிறது. அதுவும் மேட்டில், வேகம் குறைந்த நேரத்தில். தேய்ந்த பல் அதைத் தாங்காது.

பற்களைப் பாருங்கள். நல்ல பல் இருபுறமும் சமச்சீராக இருக்கும். தேய்ந்த பல் ஒருபுறம் குழிந்து, சுறாமீன் துடுப்புபோல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அப்படிப்பட்ட சக்கரத்தில் புதுச் செயின் போட்டால், பழையதைவிட மோசமாக நழுவும். ‘செயின் மாற்றிய பிறகுதான் குதிக்கிறது’ என்ற புகாருக்குக் காரணம் இதுவே. கடைக்காரர் வீண்பழி சுமக்கிறார். செயினும் பின் பல்சக்கரமும் ஒன்றாகத்தான் மாற வேண்டும். முன் பல்சக்கரம் பெரியது என்பதால் மெதுவாகத் தேயும். இரு முகமும் ஒரே மாதிரி இருந்தால் அதைத் திருப்பிப் பூட்டி, தேயாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். ஃப்ரீவீலை அப்படித் திருப்ப முடியாது. பிடிக்கும் திசை மாறிவிடும்.

வாங்க வேண்டியவை: ஒரு சாதாரண மிதிவண்டிச் செயின் பொட்டலத்தில் 112 முதல் 116 கண்ணி வரை வரும், ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. அது போதாது. ஒரே பிராண்டு, ஒரே அகலம் உள்ள இரண்டு செயின், இரண்டு செயின் லாக் (முனைகளை இணைக்கும் பூட்டுக் கண்ணி), ஒரு செயின் கட்டர் வேண்டும். 1/8 அங்குல அகலப் பல்லுக்கு 3/32 அங்குலச் செயின் உட்காராது. பல்லின் தடிமனை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய செயினில் புதுத் துண்டைச் சேர்ப்பதும் தவறு. இரண்டின் இடைவெளியும் வேறு. சேர்த்த இடம் பல்லில் ஏறும்போதெல்லாம் உதைக்கும். பழையதை வீசுமுன் கண்ணிகளை எண்ணிக்கொள்ளுங்கள். நீளத்தை ஒப்பிட்டு வெட்டினால் தேய்ந்த நீளமும் சேர்ந்துவிடும், எண்ணித்தான் வெட்ட வேண்டும். சாதாரணச் செயினில் கண்ணி எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை.

பூட்டும்போது செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எங்காவது உரசிக் கழன்றுவிடும். பெடல் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகியிருந்தால் செயின் குதிக்காது, பக்கவாட்டில் கழன்று விழும். இழுவையைச் சரிசெய்யும்போது பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமாக இருப்பதில்லை. அந்த இறுக்கமான இடத்தில் நடுவே விரலால் தூக்கினால் 1 முதல் 2 செ.மீ. வரை ஆட வேண்டும். வேறு இடத்தில் வைத்து இறுக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் பேரிங் நசுங்கும். வண்டியில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை இருந்தால் அதன் பல்லும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது செயினின் தளர்ந்த பக்கத்தில்தான் அழுத்த வேண்டும்.

சாக்கட்டிச் சோதனையில் ஃப்ரீவீல்தான் குற்றவாளி என்று தெரிந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். பல ஆண்டு நின்ற வண்டியில் பழைய கிரீஸ் பிசினாகி, கொக்கிகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். படுக்க வைத்து, இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றி, கறுப்பு நீர் வடிவது நிற்கும்வரை கழுவுங்கள். காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். கெட்டிக் கிரீஸ் திணித்தால் மறுபடி அதே கதை. கழுவியும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் பிரேக்கில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மோட்டாரை இயக்காமல் லேசான மேட்டில் பத்துச் சுற்று பலமாக மிதித்துப் பாருங்கள். சத்தமில்லாமல் ஏறினால் வேலை முடிந்தது. சில பத்து கிலோமீட்டர் ஓடியபின் புதுச் செயின் சற்றே படியும். இழுவையை ஒரு முறை மீண்டும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட, பேட்டரி நீங்கலாக 60 கிலோவைத் தாண்டாத மின்வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கில் வராமல் ஓடுகின்றன. பெடலும் செயினும் உள்ள பழைய வண்டிகள் தெருவோரப் பட்டறைகளுக்கு இனி நிறைய வரும். தங்கள் நாளிதழைப் படித்துவிட்டு வேலை செய்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே கண்ணி கழற்றும் யோசனைக்கு அடுத்த வார இணைப்பிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால், 24 கண்ணி, 12 அங்குலம் என்ற அளவை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மிதிவண்டி, மின்வண்டி பழுது பார்க்கும் வாசகர்